பேட்டரி வாங்கப் போனேன், மீட்டர் வைத்துப் பார்க்கிற கடை கிடைத்தது

என் வண்டி யமஹா எஃப்இசட், 2019இல் வந்த மூன்றாம் வெர்ஷன். இதில் கிக்கர் கிடையாது. வாங்கும்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை, இந்தக் காலத்தில் யார் உதைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி, விடிந்தும் விடியாமலும் வேலைக்குக் கிளம்பிப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக் டிக்' என்று ரிலே மட்டும் அடிக்கிறது, மீட்டரில் எழுத்தெல்லாம் மங்கி அணைகிறது. அப்போதுதான் கிக்கரின் அருமை புரிந்தது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்பீர்கள். இது இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோல் பம்ப் ஓடுவதற்கே கரண்ட் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால் தெருமுனை வரை தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் செய்த வித்தை இதில் செல்லாது. எதிர்வீட்டுப் பையன் பாவம், இரண்டு தடவை ஓடிப் பார்த்துவிட்டு "அண்ணே, பஸ்ல போயிருங்க" என்று சொல்லிவிட்டான்.

கடுப்பு என்னவென்றால் அந்தப் பேட்டரி போட்டுப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியோடு வந்த முதல் பேட்டரி நாலு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டு வயதாகிப் போனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அவர்களாகவே போட்டுவிட்டு 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கேள்விப்படாத பெயர். நானும் எதுவும் கேட்கவில்லை, அவசரம். இப்போது வாரண்டி கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனால், "கார்டுல தேதியும் இல்ல, சீலும் இல்லையே சார்" என்றார், அதை எழுத வேண்டிய மனிதரே. பேட்டரியைக் கழற்றிப் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் பார்த்தால், எனக்குப் போட்ட நாளுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால் தயாரானது. ஈய பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. ஆக எனக்குப் புதுசு என்று சொல்லி விற்றது பாதிக் கிழவன்.

சரி, இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். முதலில் குழப்பியது பெயர்கள்தான். இருசக்கர பேட்டரிகளில் டிஇசட்4, டிஇசட்5, டிஇசட்7, டிஇசட்9 என்று வரும். அந்த எண்ணை ஆம்பியர் என்று நினைத்துவிடுகிறோம், அது இல்லை. டிஇசட்4 என்பது 3 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு), டிஇசட்5 என்பது 4 ஏஎச், 7 என்றால் 6, 9 என்றால் 8. என் வண்டிக்கு வேண்டியது 12 வோல்ட் 4 ஏஎச். எக்ஸைடு கம்பெனியின் எக்ஸ்ப்ளோர் ரகத்தில் அதற்கு எக்ஸ்எல்டிஇசட்5ஏ என்று பெயர், மற்ற கம்பெனிகளிலும் பெரும்பாலும் பெயரில் எங்கோ ஒரு 5 இருக்கும். ஆக்டிவா, ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளுக்கு 3 ஏஎச் போதும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். "இதைவிடப் பெருசாப் போட்ருங்க சார், செல்ஃப் சும்மா பிச்சுக்கும்" என்றார். பெட்டிக்குள் நுழையுமா என்று கேட்டால் பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கலாமாம்! பிளஸ் மைனஸ் டெர்மினல் பக்கம் மாறியிருந்தால் ஒயரை இழுத்து முறுக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. வெளியே வந்துவிட்டேன். ஆன்லைனில் நூறு நூற்றைம்பது ரூபாய் குறைவு, ஆனால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்க வழியில்லை, சூடு பட்ட பூனையான எனக்கு அது ஒத்துவராது. லித்தியம் பேட்டரி எடை குறைவுதான், விலை பல மடங்கு, 149 சிசி வண்டிக்கு அந்த ஆடம்பரம் எதற்கு.

கடைசியில் போனது மதுரையில் செல்லூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடை. பேட்டரி மட்டும்தான் தொழில். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் ரோட்டில் நிற்க வேண்டும். வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். "அண்ணே, 4 ஏஎச் ஒண்ணு குடுங்க" என்றதும் அலமாரிப் பக்கம் திரும்பாமல், "தம்பி, முதல்ல பழசைப் பாப்போம், இருங்க" என்றார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போனது.

பழைய பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டு, மதியத்துக்கு மேல் வரச் சொன்னார். திரும்பப் போனபோது வோல்ட் அளக்கும் கை மீட்டரில் 12.5 வோல்ட் காட்டியது. நான் உடனே "நல்லாத்தானே இருக்கு" என்றேன். சிரித்துவிட்டு வண்டியில் மாட்டி, மீட்டர் கம்பியை எடுக்காமலே செல்ஃபை அழுத்தச் சொன்னார். 8க்குக் கீழே விழுந்தது. நல்ல பேட்டரி என்றால் செல்ஃப் இழுக்கும்போதும் பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பினால் எந்தப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான், பாரம் கொடுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்புறம் கடையின் சொந்த பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி 14.2 என்று காட்டினார். 13.8லிருந்து 14.5க்குள் இருந்தால் வண்டி ஒழுங்காக சார்ஜ் பண்ணுகிறது, 15ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, அதை விட்டுவிட்டு எந்தப் பேட்டரி போட்டாலும் வெந்துவிடும் என்றார்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் நல்ல மார்க் போட்டிருப்பேன். சாவியை எடுத்துவிட்டு மைனஸ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்தார். 18 மில்லி ஆம்பியர். அணைத்து நிறுத்திய வண்டி எதற்கு இவ்வளவு குடிக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஹேண்டில்பாரில் கை வைத்தார். நான் ஆசையாக மாட்டியிருந்த மொபைல் சார்ஜர், நீல எழுத்தில் வோல்ட் காட்டுமே அந்த ரகம். மாட்டிக் கொடுத்தவர் சாவிக்குப் பிறகு வரும் ஒயரில், அதாவது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில், இணைக்காமல் நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டார். அதைப் பிடுங்கியதும் 2க்குக் கீழே வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 18 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 0.43 ஏஎச். 4 ஏஎச் பேட்டரி ஒன்பது பத்து நாளில் சுத்தமாகக் காலி. தீபாவளிக்கு நான் ஊரில் முறுக்கு தின்றுகொண்டிருந்த பத்து நாளும் அது ராத்திரி பகலாக நீல லைட் காட்டியிருக்கிறது! ஆக அந்த 900 ரூபாய்ப் பேட்டரியை நான் திட்டியதில் பாதி நியாயமில்லை. பழைய சரக்கு என்பது உண்மை, கழுத்தை நெரித்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கடையில் எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கியிருந்தாலும் அடுத்த வருஷம் இதே 'டிக் டிக்' தான்.

எந்தக் கம்பெனி எடுக்கலாம் என்று கேட்டேன். "ரெண்டும் நல்ல கம்பெனிதான், எதுல தேதி புதுசோ அதை எடுங்க" என்று எக்ஸைடும் அமரானும் எடுத்து வைத்து இரண்டிலும் எண்ணைப் படித்துக் காட்டினார். ஆளுக்கொரு மாதிரி அச்சடிப்பதால் நமக்கு லேசில் புரியாது, கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். அன்றைக்குப் புதிய தேதி அமரானில் இருந்தது, இரண்டே மாதம். அமரானின் தாய்வீடு திருப்பதி, எக்ஸைடுக்கு ஓசூரிலேயே ஆலை இருக்கிறது, அங்கிருந்து மதுரைக்குச் சரக்கு வர ஒரு வருஷம் ஆகாது. 1,350 ரூபாய், பழசுக்கு 150 கழித்து 1,200. 24 மாதத்துக்குள் போனால் புதுசு, அடுத்த 24 மாதத்தில் போனால் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. பில், கார்டில் சீல், தேதி, வண்டி எண் எல்லாம் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்.

உடனே மாட்டித் தரவில்லை, இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். புதுசாக இருந்தாலும் நாலைந்து மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றித்தான் தருவேன் என்றார். 4 ஏஎச்சுக்கு 0.4 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, அதுதான் அளவு. கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் சார்ஜரில் போட்டு அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் அப்போதே ஆயுள் குறைந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வண்டி கைக்கு வந்தது. சார்ஜர் ஒயரையும் சாவிக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தார், அதற்கு 100 ரூபாய். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி வாசலின் தடவியதற்குக் காசு கேட்கவில்லை. மாட்டும்போது மைனஸைக் கடைசியாகத்தான் பூட்டினார். கழற்றும்போது அதுதான் முதலில், இல்லாவிட்டால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

குறைகள் உண்டு. வண்டி நிறுத்த இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. போனில் விலை கேட்டால் "நேர்ல வாங்க" என்று வைத்துவிடுகிறார். பேசிக்கொண்டே வேலை செய்வதால் எனக்கு முன்னால் நின்றவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு விஷயம் என் ஓட்டத்தைப் பற்றி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது, என் ஆபீஸ் மூன்று கிலோமீட்டர், நடுவில் இரண்டு சிக்னல். செல்ஃப் எடுத்ததைத் திரும்ப ஏற்ற அந்த ஓட்டம் போதாது. வாரத்துக்கு ஒருநாள் அழகர்கோயில் வரை ஒரு சுற்று போய்வரச் சொன்னார். வீட்டில் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை வண்டியை எடுக்கும் முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.7. ஆமாம், நானும் ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன், 300 ரூபாய்.