11-28, 11-30, 11-34: ஷிமானோ 105 ரோட் பைக்குக்கு எந்தக் கசெட்?

கசெட் என்பது பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு. 11-28 என்றால் அதன் மிகச் சிறிய சக்கரத்தில் 11 பல், மிகப் பெரியதில் 28 பல். இங்கே பேசுவது ஷிமானோவின் 11 ஸ்பீட் 105 கியர் தொகுதியைப் பற்றி, அதாவது பின்னால் 11 பற்சக்கரம். கொழும்புக்குள் மட்டும் ஓடுபவருக்கு 11-28 தாராளம். கடுகண்ணாவை ஏற்றம், கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா என்று திட்டம் போடும்போதுதான் 34 பல்லில் கண் விழும். உடனே யாராவது சொல்வார்: "கியர்களுக்கு நடுவே இடைவெளி கூடும், மட்ட ரோட்டில் ஓட்டம் கெட்டுவிடும்." 11 ஸ்பீடில் பற்களை எண்ணிப் பார்த்தால் அந்தப் பயம் பெரும்பாலும் வீண்.

11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28
11-34: 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34

15 முதல் 25 வரை இரண்டும் ஒன்றே. முன்னால் 50 பல், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 19இல் மணிக்கு 30 கி.மீ., 17இல் 33, 15இல் 38. மரைன் டிரைவ் விடியற்காலை ஓட்டம் முழுவதும் இதற்குள் அடங்கும். 11-34 எடுத்தால் வேகக் கியர்களில் இழப்பது 12ம் 14ம் மட்டுமே. மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டிக் குழுவாக இழுப்பவருக்கு அது உறைக்கும், மற்றவருக்கு இல்லை. ஏற்றத்திலோ, முன்னால் 34 பல்லுடன் நிமிடத்துக்கு 60 சுற்றில் 28 பல் மணிக்கு 9.2 கி.மீ. கேட்கும், 34 பல்லுக்கு 7.6 போதும். முழங்காலுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் 34ஐ உங்கள் பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) தாங்குமா? அதன் உட்புறத்தில் பொறித்த குறியைப் பாருங்கள். ஆர்7000 எஸ்எஸ் (குட்டைக் கூண்டு) என்றால் பெரிய பல் 30 வரை, மொத்தக் கொள்ளளவு, அதாவது முன், பின் பல் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை, 35. ஜிஎஸ் (நீளக் கூண்டு) என்றால் 34 வரை, கொள்ளளவு 39. கணக்கு எளிது: முன்பக்க வித்தியாசம் 50-34 = 16, பின்னால் 34-11 = 23, கூட்டினால் 39. எஸ்எஸ்ஸில் 11-30 போட்டால் 16 + 19 = 35, எல்லைக்குச் சரியாகப் பொருந்தும். எஸ்எஸ் வைத்திருப்பவர் புது டிரெய்லியருக்குச் செலவழிக்காமல் 11-30 எடுப்பதே புத்தி. ஆர்7000க்கு முந்தைய 105 ஆன 5800 ஜிஎஸ் 32 வரைதான். அதை வைத்திருப்பவருக்கு 11-32 உரியது.

சக்கரத்தில் ஒரு விசித்திரம். இந்த மூன்றில் 11-34 (மாடல் எச்ஜி700) மட்டும் 10 ஸ்பீட் ஃப்ரீஹப் (சக்கரத்தில் கசெட் ஏறும் உருளை) அகலத்துக்குச் செய்தது. பாவித்த பழைய 10 ஸ்பீட் சக்கரத்தில் அது நேராகப் பொருந்தும். 105இன் 11-28, 11-30 பொருந்தா. 11 ஸ்பீட் ஃப்ரீஹப்பில் முதலில் 1.85 மி.மீ. வளையத்தைப் போட்டுப் பிறகே 11-34ஐ ஏற்ற வேண்டும். அதை மறந்தால் லாக்ரிங் (கசெட்டை இறுக்கும் மூடி வளையம்) அடியில் முட்டி இறுகியது போலிருக்கும், கசெட் மட்டும் ஆடும். லாக்ரிங் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர்.

28க்கு வெட்டிய செயின் 34க்குப் பெரும்பாலும் குட்டை. டிரெய்லியரில் கோர்க்காமல் பெரிய முன்பல், பெரிய பின்பல் இரண்டையும் சுற்றி அளந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். குட்டைச் செயினில் பெரிய-பெரிய கியர் (முன்னாலும் பின்னாலும் பெரிய பல்) விழுந்தால் ஹேங்கர் (டிரெய்லியரைத் தாங்கும் உலோகத் துண்டு) முறியலாம். செயின் 0.5% நீண்டிருந்தால் புதுக் கசெட்டுடன் அதை ஓட்டவே வேண்டாம், பற்களைத் தின்றுவிடும்.

கடைசியாக பி-ஸ்குரூ, அதாவது டிரெய்லியருக்கும் கசெட்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருத்தும் திருகு: டிரெய்லியரின் மேல் சில்லுக்கும் 34 பல்லுக்கும் இடையில் 5, 6 மி.மீ. இருக்கட்டும். ஸ்டாண்டில் வைத்து, மிதியைக் கையால் மெதுவாகச் சுற்றி, பெரிய-பெரிய கியரைப் பார்த்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.