தோளில் காறையெலும்பு மூட்டு விலகினால் "நாளைக்கே ஆபரேஷன்" என்பார்கள், அவசரப்படாதீங்க

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற எங்க மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர், பைக்கிலிருந்து விழுந்ததில் இடது தோளில் காறையெலும்பு முனை மேலே துருத்திக்கொண்டு நின்றது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்த கையோடு, "ஏசி ஜாயின்ட் விலகிருச்சுங்க. நாளைக்கே பிளேட் வைக்கோணும், இல்லீன்னா கையைத் தூக்கவே முடியாது" என்றார்கள். ஏசி ஜாயின்ட் என்பது காறையெலும்பு தோள்முனை எலும்போடு சேர்கிற மூட்டு. தங்கச்சி நகையை அடகு வைத்துப் பணம் கட்டினாள்.

வைத்தது ஹூக் பிளேட், அதாவது கொக்கி வைத்த உலோகத் தகடு. அதன் கொக்கி தோள்முனை எலும்புக்கு அடியில் போய் நிற்கும். கையைத் தூக்கத் தூக்க அந்த எலும்பை அரிக்கலாம், தசைநாரை உரசலாம். அதனால் சில மாதங்களில் அதை எடுத்தே ஆகணும். அதாவது இன்னொரு ஆபரேஷன், இன்னொரு பில். கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி தூங்க முடியாமல் வலிக்கிறது என்று போய் நின்றபோதுதான், "எடுக்கறதுக்குத் தனிங்க" என்று பதில் வந்தது. எனக்கு வயிறு எரிகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டைப் 3' என்று இருந்தது. ஈரோட்டில் வேறொரு எலும்பு டாக்டர் அதைப் படித்துவிட்டு விளக்கினார். ராக்வுட் வகைப்பாட்டில் இந்தக் காயம் ஆறு வகை. முதல் இரண்டுக்கும் கழுத்திலிருந்து கைக்குத் தூளி கட்டி, பிசியோதெரபி செய்தாலே போதும். மூன்றாவதிலும் பெரும்பாலானோருக்கு முதலில் அதையேதான் பார்ப்பார்கள். 4, 5, 6 என்றால்தான் பொதுவாக ஆபரேஷன். கனடாவில் மூட்டு முழுதாக விலகிய 83 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஹூக் பிளேட் வைத்தவர்களைவிட, வைக்காதவர்களுக்கே முதல் மூன்று மாதம் கை நன்றாக இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. எக்ஸ்ரேயில்தான் பிளேட் வைத்த மூட்டு நேராகத் தெரிந்தது. வைக்காவிட்டால் அந்தப் புடைப்பு அப்படியே இருக்கும், அவ்வளவுதான்.

பிளேட்டுக்குப் பதில் கம்பி போடலாம் என்றால் இன்னும் கவனம். கம்பி நகர்ந்து மார்புக்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கை மரத்துப்போனாலோ, விரல் சில்லிட்டாலோ, எலும்பு தோலைக் கிழிக்கிற மாதிரி நின்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீங்க. அப்படி இல்லையென்றால், ஆபரேஷனே தேவைப்பட்டாலும் பொதுவாக முதல் மூன்று வாரத்துக்குள் செய்தால் போதும். தூளி கட்டிக்கொண்டு, எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி வேறொரு டாக்டரிடம் காட்டுங்க. எந்த டைப், என்ன பொருள் வைப்பார்கள், அதைத் திரும்ப எடுக்கணுமா, எடுக்க எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.