ஜோட்டெரோ, மெண்டெலி, எண்ட்நோட், பிப்டெக்: வேலூரில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கு எது ஒத்துவரும்?

எட்டு பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை நீங்கள் ரெஃபரன்ஸாகக் காட்ட வேண்டும். சிஎம்சி பக்கம் மருத்துவ இதழ்களுக்கு எழுதுபவர் வான்கூவர் முறையில் முதல் ஆறு பெயரைப் போட்டு 'எட் ஆல்' (மற்றும் பலர்) என்று முடிப்பார். விஐடியில் ஐஇஇஇ முறைக்கு எழுதுபவருக்கு முதல் பெயரும் 'எட் ஆல்' என்பதும் போதும். உளவியலுக்கோ கல்வியியலுக்கோ ஏபிஏ ஏழாம் பதிப்பில் எழுதினால் எட்டுப் பெயரும் வந்தாக வேண்டும். அங்கே இருபது பேர் வரை விடாமல் எழுதுவதுதான் விதி. இதில் ஒரு இதழ் திருப்பி அனுப்பி, இன்னொரு இதழுக்கு மாற்ற வேண்டி வந்தால், அறுபது எழுபது ரெஃபரன்ஸைக் கையால் திருத்துவது வீண் வேலை. வேர்டின் உள்ளேயே இருக்கும் ரெஃபரன்ஸ் வசதியை நம்பவும் முடியாது. அதில் வான்கூவரே கிடையாது.

ஆகவே ரெஃபரன்ஸ்களைச் சேகரித்து, இதழ் கேட்கும் முறையில் அடுக்கித் தரும் தனி மென்பொருள் வேண்டும். ஜோட்டெரோ, மெண்டெலி, எண்ட்நோட், லேடெக்கில் எழுதுபவர்கள் பயன்படுத்தும் பிப்டெக் ஆகியவை அப்படிப்பட்டவை. அதை அதன் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் ஊர்ப் பெயர்களும் நம் ஊர் ஆவணங்களும் அதற்குள் போய்ச் சிதையாமல் வெளியே வருகின்றனவா என்பதே முதல் சோதனை.

பெயரை எடுத்துக்கொள்வோம். 'செல்வி கா' என்று ஆங்கிலத்தில் காற்புள்ளி இல்லாமல் தட்டினால், பெரும்பாலான மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். பட்டியலில் அவர் 'கா எஸ்' என்று வந்து நிற்பார். ஜோட்டெரோவில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: முதல் கட்டத்தில் செல்வி, இரண்டாவதில் இனிஷியல். எண்ட்நோட்டிலும் பிப்டெக்கிலும் பெயர், காற்புள்ளி, இனிஷியல் என்று எழுதினால் சரியாக வரும். அப்பா பெயரை விரித்து எழுதுபவராக இருந்தால், அவர் தன் கட்டுரைகளில் எப்படி வெளியிட்டிருக்கிறாரோ அதையே பின்பற்றுங்கள். நாமாகத் திருத்தினால் தேடுபவருக்கு ஆள் கிடைக்காது.

நிறுவனப் பெயர்களிலும் இதே சிக்கல்தான். உலக சுகாதார நிறுவனத்தையோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்தையோ ஆள் பெயர் போலப் போட்டால், கடைசிச் சொல் முன்னால் வந்து மற்றவை இனிஷியலாகச் சுருங்கிவிடும். ஜோட்டெரோவில் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. எண்ட்நோட்டில் நிறுவனப் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி போட வேண்டும். பிப்டெக்கில் பெயரை இரட்டை நெளி அடைப்புக்குள் வைக்க வேண்டும்.

பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி எழுதுபவர் எவரும் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பைத் தொடாமல் போக முடியாது. அதை இதழ்க் கட்டுரை வகையில் திணிக்காதீர்கள். ஜோட்டெரோவில் வழக்குக்கென்றே தனி வகை உண்டு: வழக்கின் பெயர், தீர்ப்புத் தொகுப்பு, அதன் தொகுதி எண், முதல் பக்கம், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி. பிப்டெக்கில் அப்படி ஒன்று இல்லாததால் பொது வகையில் போட்டுக் குறிப்புக் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அறிவியல் இதழ்களின் ஸ்டைல் கோப்புகள் (ரெஃபரன்ஸை எப்படி அடுக்குவது என்று மென்பொருளுக்குச் சொல்பவை) பல, வழக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. தலைப்பும் ஆண்டும் மட்டும் வந்து நின்றால், கடைசிப் பிரதியில் கையால்தான் சேர்க்க வேண்டும்.

பழைய அறிக்கைகளின் தலைப்பில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் அப்படியே விடுங்கள். 1989-இலும் 2019-இலும் மாவட்டம் பிரிந்தது என்பதற்காகத் தலைப்பை 'ராணிப்பேட்டை' என்றோ 'திருவண்ணாமலை' என்றோ மாற்றுவது ஆவணத்தையே மாற்றுவது ஆகும். இன்றைய மாவட்டப் பெயரைக் கட்டுரையின் வாக்கியத்தில் சொல்லலாம்.

இனி மென்பொருள்கள். எங்கள் தேர்வு ஜோட்டெரோ. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் இது. டிஓஐ (கட்டுரையின் இணைய அடையாள எண்) அல்லது பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் எண்ணைக் கொடுத்தால் விவரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். வேர்ட், லிப்ரெஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். ஆயிரக்கணக்கான இதழ்களின் ஸ்டைல் கோப்புகள் இதற்கு உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். மருத்துவக் கட்டுரை எழுதுபவருக்கு இது பெரிய துணை. இணையத்தில் கோப்பு வைக்க இலவச இடம் 300 எம்பி மட்டுமே என்பது குறை. அதற்குத் தீர்வு, பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்து, விவரங்களை மட்டும் ஒத்திசைப்பது. தலைப்பின் எழுத்துகளையும் நீங்களே கவனிக்க வேண்டும்: ஆங்கிலத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் வந்திருந்தால், அதை வாக்கிய நடைக்கு (முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில்) மாற்றிச் சேமியுங்கள். உயிரினப் பெயர் சாய்வெழுத்தில் வரவும், குரோமியச் சேர்மங்களின் கீழெண் சரியாக வரவும் தலைப்பிலேயே எச்டிஎம்எல் குறி இட வேண்டும்.

மெண்டெலியை 2013-இல் எல்செவியர் வாங்கியது. இலவச இடம் 2 ஜிபி. பிடிஎஃப் அதிகம் வைப்பவருக்கு அது ஒரு வசதி. ஆனால் பழைய டெஸ்க்டாப் பதிப்பைப் பதிவிறக்குவது 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சீனியர் ஒருவர் தந்த பழைய பதிப்பில் புதிய ஆய்வைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் ஜோட்டெரோவின் இறக்குமதி வசதியைக் கொண்டு சேகரிப்பை மாற்றிக்கொள்ளலாம்.

எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. நிறுவனம் வாங்கித் தந்து, உடன் எழுதுபவர்கள் எல்லோரும் அதிலேயே இருந்தால் மட்டும் எடுங்கள். மருத்துவ இதழ்ச் சுருக்கப் பெயர்கள் வர, அவற்றின் பட்டியலைத் தனியாக இறக்குமதி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் முழுப் பெயர் வருகிறதே என்று ஸ்டைல் மேல் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது. நூலகக் கோப்பை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு அடைவில் வைத்தால் கோப்பு கெட்டுப்போகலாம். ஜோட்டெரோவின் தரவு அடைவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சமன்பாடுகளோடு எழுதுபவருக்கு பிப்டெக்கைத் தவிர வேறு யோசனை தேவையில்லை. ஜோட்டெரோவில் சேகரித்து, பெட்டர் பிப்டெக் என்ற நீட்சி வழியாகக் கோப்பைத் தானே புதுப்பிக்க விடுவது நல்ல ஏற்பாடு. ஆங்கிலத் தலைப்பில் பாலாறு, டிஎன்ஏ போன்ற சொற்களின் பெரிய எழுத்துகள் சிறிதாகாமல் இருக்க அவற்றை நெளி அடைப்புக்குள் வையுங்கள். தமிழ் எழுத்திலேயே ரெஃபரன்ஸ் வர வேண்டுமென்றால் பிப்டெக் போதாது. பைபர் என்ற ரெஃபரன்ஸ் கருவியோடு, தமிழ் எழுத்தைக் கையாளும் ஜீடெக் அல்லது லுவாடெக் வேண்டும்.

வேர்டில் எழுதும் எல்லோரையும் மாட்டிவிடும் ஒரு சிக்கல், எந்த மென்பொருளானாலும் உண்டு. வான்கூவரில் அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தின் வரிசைப்படி எண் வர வேண்டும். மென்பொருளுக்கு இது தெரியாது. கோப்பில் மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு போகும். இதழ் கேட்கிறதே என்று அட்டவணைகளைக் கடைசிப் பக்கத்தில் வைத்தால், அந்த ரெஃபரன்ஸ்களுக்கு கடைசி எண்கள் விழுந்துவிடும். எனவே அட்டவணையைக் கடைசி வரை உரைக்குள்ளேயே, முதலில் குறிப்பிடும் பத்திக்குக் கீழே வைத்திருங்கள். எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் மென்பொருள் இணைப்பைத் துண்டியுங்கள். ஜோட்டெரோவில் அதற்கு 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' பொத்தானும், எண்ட்நோட்டில் 'கன்வெர்ட் டு பிளெயின் டெக்ஸ்ட்' கட்டளையும் இருக்கின்றன. எண்கள் உறைந்தபின் அட்டவணையைக் கடைசிக்கு நகர்த்துங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மதிப்பீட்டாளர் கேட்கும் திருத்தங்களை அதில்தான் செய்ய வேண்டும்.