நீராவி ரேடியேட்டர் காற்று வால்வுகள்: எதை எங்கே பொருத்துவது?

நியூயார்க், நியூ ஜெர்சி, பாஸ்டன் வட்டாரங்களில் 1900-க்கும் 1930-க்கும் இடையில் கட்டப்பட்ட வீடுகளில் குடியேறும் நம்மவர்களிடம், குளிர்காலம் தொடங்கியதும் ஒரே விதமான புலம்பலைக் கேட்கலாம். முன்னறையில் வெக்கை தாங்காமல் சன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது, படுக்கையறையிலோ இரண்டு போர்வை போதவில்லை, நடு இரவில் குழாய்கள் ‘டங் டங்’ என்று அடிக்கின்றன என்பார்கள். பழியெல்லாம் நீராவி தயாரிக்கும் பாய்லர் மீது விழும். ஆனால் பாய்லர் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இத்தனை தொல்லையும் வரக்கூடும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் ஓரத்தில் திருகப்பட்டிருக்கும், கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய அந்த வெள்ளிநிறக் காற்று வால்வைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வட நியூ ஜெர்சியில், ஒற்றைக் குழாய் நீராவி அமைப்பு உள்ள பழைய மரவீடு ஒன்றில் சில குளிர்காலங்களாகப் பல நிறுவனங்களின் வால்வுகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் வால்வு சிறந்தது என்ற கேள்வியைவிட, எந்த இடத்திற்கு எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியேற்றும் வால்வு என்ற கேள்விதான் முக்கியம் என்பது என் முடிவு.

முதலில் இதன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றைக் குழாய் அமைப்பில் ரேடியேட்டருக்குள் நீராவி நுழைவதும், அது குளிர்ந்து நீராகிப் பாய்லருக்குத் திரும்புவதும் ஒரே குழாயின் வழியாகத்தான். பாய்லர் அணைந்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் குழாயிலும் ரேடியேட்டரிலும் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வர முடியும்; வந்த பிறகு நீராவி வெளியே கசியவும் கூடாது. நம் சமையலறையில் குக்கரின் மூடியிலிருந்து ஆவி நேராகப் பீறிடும்வரை காத்திருந்து அதன் பிறகு வெயிட்டைப் போடுகிறோம் அல்லவா, உள்ளே இருக்கும் காற்றை முழுதாக விரட்டுவதற்காகச் செய்கிற அதே காரியத்தை இந்த வால்வு யாரும் பக்கத்தில் நிற்காமலேயே நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. பாய்லர் அணைந்து ரேடியேட்டர் குளிரும்போது மறுபடி திறந்து காற்றை உள்ளே விடுவதும் இதன் வேலைதான்.

அது எப்படி நடக்கிறது என்பது அழகான ஏற்பாடு. பெரும்பாலான நல்ல வால்வுகளின் உள்ளே ஒரு சிறிய உலோக மிதவை இருக்கும். அதன் அடிப்பகுதி வளையக்கூடிய மெல்லிய தகடு. மிதவைக்குள் ஆல்கஹால் கலந்த திரவம் சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். நீராவி வந்து தொட்டதும் திரவம் ஆவியாகி, அடித்தகட்டை வெளியே தள்ளி, மிதவையை உயர்த்துகிறது. மேலே உள்ள ஊசி துளையை அடைக்கிறது. நீராவிக்குப் பதிலாகத் தண்ணீர் ஏறி வந்தாலும் மிதவை மிதந்து துளையை மூடிவிடும். இதனால்தான் வால்வைச் சோதிப்பது எளிது: குளிர்ந்த நிலையில் வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்து ஊதினால் அடைபட வேண்டும். ரேடியேட்டரின் உச்சியில் இல்லாமல் கடைசிப் பகுதியின் நடு உயரத்தையொட்டி வால்வைப் பொருத்தியிருப்பதற்கும் காரணம் உண்டு. நீராவி காற்றைவிட இலேசானது. அது மேலே பரவிக் காற்றைக் கீழே தள்ளும். உச்சியில் வைத்தால் காற்று வெளியேறுவதற்கு முன்பே வால்வு மூடிக்கொள்ளும்.

கடைக்குப் போகும் பலர் நேராக ரேடியேட்டர் வால்வைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பேஸ்மென்ட்டுக்குப் போக வேண்டும். பாய்லரிலிருந்து கிளம்பும் பிரதானக் குழாயின் கடைசியில் ஒரு பெரிய காற்று வால்வு இருந்தாக வேண்டும். 2 அங்குலக் குழாய் 40 அடி ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 1 கன அடி காற்று நிற்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றும் வேலை சிறிய ரேடியேட்டர் வால்வுகளின் தலையில் விழுந்தால், பாய்லருக்கு அருகில் உள்ள அறைகள் முதலில் சூடாகும், கோடியில் உள்ள அறைக்கு நீராவி போய்ச் சேர்வதற்குள் தெர்மோஸ்டாட் பாய்லரை அணைத்துவிடும். நான் பார்த்த பழைய வீடுகள் பலவற்றில் பிரதானக் குழாயின் வால்வு பல ஆண்டுகளாகத் துருப்பிடித்து அடைபட்டே கிடந்தது. ஒரு வீட்டில் அதை எடுத்துவிட்டு அடைப்பானைத் திருகி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்திற்குக் கார்ட்டன் 2 என்ற வால்வை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நியூ ஜெர்சியின் க்ரான்ஃபோர்டில் இயங்கும் இந்த நிறுவனத்தின் 1-ஆம் எண் வால்வைவிட 2-ஆம் எண் பல மடங்கு காற்றை வெளியேற்றுகிறது. விலையும் அதற்கேற்ப அதிகம், உயரமும் அதிகம், ஆகவே உத்தரத்திற்கும் குழாய்க்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும். இடம் குறைவாக இருந்தால் ஹாஃப்மன் 75 அல்லது கார்ட்டன் 1 இரண்டு மூன்றைக் கிளைக்குழாய் போட்டு வரிசையாக வைப்பதும் நல்ல வழிதான். பிரதானக் குழாயின் முனையிலேயே வைக்காமல், 15 அங்குலம் பின்னால், குட்டைக் குழாய் ஒன்றின் மேல் உயர்த்தி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். வேகமாக ஓடிவரும் தண்ணீர் முனையில் மோதும் அடியிலிருந்து மிதவை தப்பிக்கும். எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகே மேல்மாடிக் கோடி அறைக்கும் முன்னறைக்கும் சேர்ந்தாற்போல் நீராவி வரத் தொடங்கியது. ரேடியேட்டர் வால்வு எதையும் அதுவரை தொடவில்லை.

இனி ரேடியேட்டர் வால்வுகள். அமெரிக்கக் கடைகளில் அதிகமாகக் கண்ணில் படுவது ஹாஃப்மன் 40. இன்று சைலம் நிறுவனத்தின் கீழ் வரும் ஹாஃப்மன் ஸ்பெஷாலிட்டியின் தயாரிப்பு இது. வேகத்தை மாற்ற வழியில்லை. மெதுவான வகையைச் சேர்ந்தது. அமைதியாக வேலை செய்கிறது. நடுத்தர அளவு ரேடியேட்டர் உள்ள படுக்கையறைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அதே நிறுவனத்தின் 1ஏ வகையில் 1 முதல் 6 வரை வேகத்தைத் திருப்பி வைக்கலாம். எந்த அறைக்கு எவ்வளவு தேவை என்று தெரியாத ஆரம்பக் கட்டத்தில் இது பயன்படும் என்றாலும், எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு: திருப்பும் வசதி இருந்தால் வீட்டில் ஆளாளுக்குத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அளவு தெரிந்தபின் மாறாத வால்வைப் பொருத்திவிடுவதே நிம்மதி.

கார்ட்டன் ரேடியேட்டர் வால்வுகள் 4, 5, 6, சி, டி என்று வரிசையாக வருகின்றன. 4 மிக மெதுவானது, டி மிக வேகமானது. மெய்ட்-ஓ-மிஸ்ட் என்ற வால்வும் இதே எண்களையும் எழுத்துகளையும்தான் பின்பற்றுகிறது. அதில் கூடுதல் வசதி, உச்சியில் திருகக்கூடிய துளைமூடியை மட்டும் கழற்றி 4-ஐ 6 ஆகவோ சி ஆகவோ மாற்றிக்கொள்ளலாம். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. பார்வைக்கும் தொடுவதற்கும் கார்ட்டன் கனமாக, உறுதியாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஏழெட்டு ரேடியேட்டர்கள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியவர்கள் மெய்ட்-ஓ-மிஸ்டை வாங்கி, துளைமூடிகளை மாற்றிச் சமன் செய்வதே பணத்திற்கும் நேரத்திற்கும் நல்லது. என் வீட்டில் இப்போது பெரும்பாலான அறைகளில் இருப்பது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வென்ட்-ரைட் 1. எண் பொறித்த சிறு வட்டைத் திருப்பி வேகத்தை நுணுக்கமாக வைக்கலாம். குறைந்த பக்கம் வைத்தால் ஹாஃப்மன் 40-ஐவிடவும் மெதுவாகப் போகும். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் இது பொன்னான பொருள். அந்த அறை சீக்கிரம் சூடாகிவிட்டால் பாய்லர் அணைந்து வீடு முழுவதும் பட்டினி கிடக்கும். ஆகவே அங்கே உள்ள ரேடியேட்டரை வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் குளிரும் அறைக்கு வேகமான வால்வும், இன்னும் குளிர்ந்தால் அதைவிட வேகமானதும் என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் பொதுவாக நடக்கிறது. வேகமான வால்வின் வழியாக நீராவி பாய்ந்து வரும்போது, அதே குழாயில் எதிரே இறங்க வேண்டிய தண்ணீரை அது தடுத்து நிறுத்திவிடும். விளைவு, வால்வின் மூக்கிலிருந்து துரு கலந்த பழுப்புத் தண்ணீர் துப்புவதும், சுவரில் கறை படிவதும், குழாய் அடிப்பதும்தான். ஹீட்-டைமரின் வேரிவால்வைப் பற்றியும் இதே எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். நெம்புகோலைத் தள்ளி அளவு வைக்கும் அந்த வால்வு மிக வேகமானது. மிகக் குறைத்து வைத்தாலும் முழுதாக அடைபடாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் நெடிய குழாய்க்கு அது பொருந்தலாம், சிறிய படுக்கையறைக்கு நான் அதை வாங்க மாட்டேன்.

எந்த வால்வை வாங்கினாலும் அழுத்தம் மிகுந்திருந்தால் பணம் வீண். நீராவி பாய்லரின் பாதுகாப்பு வால்வு 15 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வைக்கப்பட்டிருக்கும். ஆனால் வீட்டுக்குத் தேவைப்படுவது 2 பிஎஸ்ஐ-க்கும் கீழே. பாய்லரின் மேல் இருக்கும் சாம்பல்நிறக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 0.5-இல் மூட்டவும் 1.5-இல் அணைக்கவும் வைப்பது வழக்கம். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், மூடிய வால்வு குளிர்ந்த பிறகும் திறக்காது, ஏனெனில் உள்ளிருந்து வரும் அழுத்தமே ஊசியைத் துளையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைச் சரியாக வைத்திருந்தும் அழுத்தம் ஏறுகிறது என்றால், அதற்குக் கீழே சுருளாக வளைந்திருக்கும் சிறு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது. இதைச் செய்வதற்கு முன் பாய்லரை அணைத்து ஆறவிட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பொருத்துவது கடினமல்ல. மரை 1/8 அங்குலம். பாய்லர் அணைந்து ரேடியேட்டர் ஆறிய பின் பழைய வால்வைக் கழற்றி, துளையில் உள்ள துருவைச் சுரண்டி, புதியதன் மரையில் டெஃப்லான் நாடா இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கையாலேயே திருகினால் போதும். உருண்டையான உடலைக் குறட்டால் பிடித்துத் திருகினால் உள்ளே மிதவை நசுங்கும். வால்வு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே சேரும் தண்ணீர் வடியாது. நீராவியை உள்ளே விடும் கைப்பிடி வால்வு முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும், ரேடியேட்டர் அந்தப் பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரச்சில்லு வைத்தாலே பல வீடுகளில் ‘டங் டங்’ நின்றுவிடும்.

பழைய வால்வைத் தூக்கிப் போடுமுன் வினிகரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். துருப்பொடியால் அடைபட்டிருந்தால் பலன் கிடைக்கும். மிதவையே ஓட்டையாகிவிட்டிருந்தால் கிடைக்காது. பெயின்ட் பூசி அடைபட்டதைக் கொதிக்கவைப்பது வீண் வேலை. சீறிக்கொண்டே இருக்கும் வால்வை அப்படியே விட்டுவைப்பதும் தவறு. வெளியேறும் நீராவி அளவுக்குப் பாய்லரில் புதுத்தண்ணீர் சேர்கிறது. புதுத்தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் பாய்லரின் வார்ப்பிரும்பை அரிக்கிறது. வால்வு ஒன்றின் விலைக்குப் பார்த்துப் பாய்லரையே மாற்றுகிற நிலைக்கு வந்துவிடக் கூடாது. இணையத்தில் பெயரில்லாமல் கட்டுக் கட்டாக விற்கும் மலிவு வால்வுகளையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் சில மூடாமலும் சில திறக்காமலும் போயின. ஊதிச் சோதித்தபோது புதிதாக வந்த சிலவற்றிலேயே தலைகீழாகப் பிடித்தும் காற்று போய்க்கொண்டிருந்தது.

அறைக்கு அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்த விரும்புவோர், ரேடியேட்டருக்கும் காற்று வால்வுக்கும் நடுவில் பொருத்தும் தெர்மோஸ்டாட் தலையை வாங்கலாம். அறை போதுமான சூடு அடைந்ததும் அது காற்றின் வழியை அடைத்துவிடும். காற்று வெளியேறாததால் நீராவி நுழையாது. எப்போதும் வெக்கையாக இருக்கும் அறைக்கு இது நன்றாகவே உதவுகிறது. குளிரும் அறையை இது சூடாக்காது என்பதையும், வீட்டின் பொதுத் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் இதைப் பொருத்தக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதற்கெல்லாம் கைக்காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரத்தில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரியும், இரவில் வெளிவெப்பம் எதுவாயினும் 62 டிகிரியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உரிமையாளரின் சட்டப்படியான கடமை. கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிடம் (சூப்பரின்டென்டென்ட்) பொதுவாக ‘ஹீட் வரவில்லை’ என்று சொல்வதைவிட, ‘இந்த ரேடியேட்டரின் காற்று வால்வு திறக்கவில்லை’ என்று சுட்டிச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

வாங்குவதற்கு முன் குனிந்து ரேடியேட்டரில் எத்தனை குழாய்கள் சேர்கின்றன என்று பார்த்துவிடுங்கள். ஒரே குழாய் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இரண்டு குழாய் உள்ள நீராவி ரேடியேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வால்வு கிடையாது. அங்கே வெளியேறும் பக்கத்தில் நீராவிப் பொறி என்ற வேறொரு கருவி இருக்கும், பழுதும் அதில்தான் இருக்கும். பாய்லரில் நீர்மட்டக் கண்ணாடியே இல்லாமல், ரேடியேட்டரின் உச்சியில் சாவி போட்டுத் திருப்பும் சிறு திருகு இருந்தால் உங்கள் வீட்டில் ஓடுவது வெந்நீர். அதற்கு இந்த வால்வுகளில் எதுவும் உதவாது.