டாலஸ் ஒயிட் ராக் ஏரிக்கரையில் முழு சூரிய கிரகணம்: இடம் எப்படி?

2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் பிளேனோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே முழு கிரகணம் தெரியும். இருந்தாலும் பொங்கல் முடிந்ததிலிருந்தே வீட்டில் ஒரே பேச்சு, எங்கே போய்ப் பார்ப்பது என்று.

கணவர் தெற்கே எனிஸ் என்ற ஊருக்குப் போகலாம் என்றார். நிழல் பாதையின் நடுக்கோடு அந்தப் பக்கம்தான் போகிறது, அங்கே முழு இருட்டு 4 நிமிடம் 23 விநாடி. டாலஸ் நகர மையத்தில் 3 நிமிடம் 51 விநாடி. வடமேற்கே போகப் போக இன்னும் குறையும். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். நான்தான் ஒயிட் ராக் ஏரி என்று பிடிவாதமாக நின்றேன். நிலவின் நிழல் மெக்சிகோ பக்கமிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து வரும். ஏரியின் கிழக்குக் கரையில் வின்ஃப்ரே பாயின்ட் என்று ஒரு புல்மேடு இருக்கிறது. அங்கே நின்று தென்மேற்கே பார்த்தால் முதலில் தண்ணீர், அதற்கு அப்பால் நகர மையத்தின் உயரமான கட்டடங்கள். நிழல் வருவதையே பார்க்கலாம் என்றுதான் அந்த இடம் கேட்டேன். அரை நிமிடம் போனால் போகட்டும்.

முதலில் கிரகணக் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கிரகணத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும். பிப்ரவரியிலேயே ஆன்லைனில் ஒரு கட்டு வாங்கினேன். அட்டையில் ஐஎஸ்ஓ 12312-2 என்று, இந்தக் கண்ணாடிகளுக்கான பாதுகாப்புத் தர எண், பெரிதாக அச்சடித்திருந்தது. போட்டுக்கொண்டு ஹால் விளக்கைப் பார்த்தால் விளக்கு, அதன் மூடி, பக்கத்தில் மின்விசிறி எல்லாம் தெரிந்தது. நல்ல கிரகணக் கண்ணாடியில் சூரியனைத் தவிர எதுவும் தெரியக் கூடாது. மிஞ்சிப்போனால் ரொம்பப் பிரகாசமான விளக்கு மங்கலாகப் புள்ளி போலத் தெரியலாம், அவ்வளவுதான். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன், பதிலும் இல்லை, பணமும் இல்லை. அமெரிக்க வானியல் சங்கம் நம்பகமான தயாரிப்பாளர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் நூலகத்தில் இலவசமாகக் கொடுத்த கண்ணாடிதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

அப்புறம் என் மாமியார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் திருச்சி வழியாகவே போனபோது ஜன்னலைக்கூடத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து ஜபம் செய்தவர். "கிரகணத்தை யாராவது பாயைத் தூக்கிண்டு போய்ப் பார்ப்பாளாம்மா?" என்றார். வற்புறுத்தவில்லை. பேரன்தான் தினமும் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை அவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். முதல் நாள் ராத்திரி, "வரேன். ஆனா கார்லயே உட்கார்ந்துக்கறேன்" என்றார். காலையில் பார்த்தால் நான் கட்டி வைத்த புளியோதரை டப்பாவைத் திறந்து, சோற்றின் மேல் தர்ப்பையை வைத்து மறுபடி மூடிக்கொண்டிருந்தார். தயிர் டப்பாவிலும் ஒரு துண்டு. அவர் மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை.

எட்டு மணிக்கே போய்விட்டோம். அதற்கே வண்டியைத் தெருவில் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. வானம் முழுக்க மேகம். பத்து மணிக்கும் அப்படியே. அப்போது கணவரிடம் நான் பேசவே இல்லை, இடம் தேர்ந்தெடுத்தது நானாயிற்றே. பதினொன்றரைக்கு மேல்தான் மேகம் கிழிந்து கிழிந்து நகர ஆரம்பித்தது.

12:23க்குச் சூரியனில் முதல் கடி விழுந்தது. டாலஸில் அந்த நேரம் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். நாற்காலி கொண்டுவந்தவர்கள் எல்லாம் பத்தே நிமிடத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் கொண்டுபோனதற்கு அன்று சந்தோஷப்பட்டேன், மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தோம். இன்னொன்று, இட்லித் தட்டு எடுத்துப் போயிருந்தேன். வெயில் வந்தபோதெல்லாம் பையன் அதைத் தூக்கிப் பிடிக்க, கீழே விரித்த வெள்ளை வேட்டியில் துளைக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பிறைகள். ஒவ்வொரு துளையும் சூரியனின் உருவத்தைத் தரையில் போடுகிறது. பக்கத்தில் இருந்த குழந்தைகள் வரிசையில் வந்து தட்டை வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

ஒன்றரைக்கு வெளிச்சமே வேறு மாதிரி ஆகிவிட்டது. சாயங்கால மஞ்சள் இல்லை. வெள்ளி பூசினாற்போல ஒரு மங்கல், தரையில் நிழல்கள் மட்டும் கத்தியால் வெட்டியது போலக் கூர்மை. காற்று சில்லென்றது. கிராக்கிள் என்று இங்கே ஒரு கருப்புப் பறவை உண்டு, சத்தத்தில் நம்மூர் காக்கைக்குச் சளைக்காது. அவை கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. திரும்பிப் பார்த்தால் மாமியார் காரிலிருந்து இறங்கி வந்து எங்கள் பாயின் ஓரத்தில் நிற்கிறார்.

1:40. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கட்டடங்கள் முதலில் கறுத்தன. அங்கங்கே விளக்கு எரிந்தது. மணிக்கு 2,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருகிற நிழல், ஏரியைக் கடந்ததைக் கண் பிடிக்கவே முடியவில்லை. தண்ணீர் ஈய நிறமானது, அடுத்த கணம் எங்கள் மேல். மேடு முழுக்க ஒரே கூச்சல். "அம்மா, இப்போ கண்ணாடியைக் கழற்றுங்கோ!" என்று கத்தினேன். இது முக்கியம்: முழுசாக மறைந்திருக்கும் அந்த நேரம் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு பொட்டு வெளிச்சம் திரும்ப எட்டிப் பார்த்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும்.

லேசான மேகத்தினூடே, நடுவில் கரிய வட்டம். சுற்றிலும் வெள்ளைப் பட்டு இழைகளாக கரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம், எல்லாப் பக்கமும் பரவியிருந்தது. சூரியன் தன் 11 வருடச் செயல்பாட்டுச் சுழற்சியின் உச்சத்தை நெருங்கியிருந்ததால்தான் அப்படி. வலது பக்கம் கீழே வெள்ளி கிரகம் பளிச்சென்று. வட்டத்தின் அடி விளிம்பில் ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி. அது சூரியனிலிருந்து எழும்பி நிற்கும் ஹைட்ரஜன் வாயு, பூமியைவிடப் பெரியது. அதெல்லாம் தெரியாமலே மாமியார் சொன்னார்: "பெருமாள் நெத்தியில ஸ்ரீசூர்ணம் மாதிரி இருக்கும்மா." கை கூப்பியிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆரஞ்சு நிறம், எட்டுத் திசையிலும் ஒரே நேரத்தில் சூரியன் அஸ்தமித்தது போல.

போனில் படம் எடுக்காதீர்கள். கணவர் எடுத்ததில் வெள்ளையாக ஒரு சொட்டுதான் விழுந்திருக்கிறது, அதற்கு அவர் கொடுத்த விலை நாற்பது விநாடி.

வலது பக்க விளிம்பில் வைரம் போல ஒரு துளி. முடிந்தது. 3 நிமிடம் 50 விநாடி சொச்சம், எனக்கு அரை நிமிடமாகத்தான் பட்டது.

சரி, இடம் எப்படி? முழு மனசோடு சொல்கிறேன், பத்துக்கு ஒன்பது. குறை ஒன்றுதான், புல்மேட்டில் மர நிழல் போதாது. வயசானவர்களோடு போனால் குடை அவசியம். திரும்பும்போது பிளேனோவுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, அது நகரம் முழுக்க இருந்த நெரிசல். டாலஸுக்கு முன்பு முழு கிரகணம் வந்தது 1878இல், அடுத்தது 2317இல். அதனால் இதே மேட்டுக்குப் போங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டப்போகிறது. 2034 மார்ச் 20 அன்று நிழல் காஷ்மீர், லடாக் பக்கம் வரும். எங்கே போனாலும் விநாடிக் கணக்கை மட்டும் பார்க்காமல், நிழல் வரும் திசையில் தொலைவு வரை திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

மாமியார் 3:02 வரை காத்திருந்தார், கிரகணம் முழுசாக விடும்வரை. ஏரியில் குளிக்க அனுமதி இல்லை. கரையில் குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்துத் தன் தலையில் தெளித்துக்கொண்டு, அடுத்த கை பேரன் தலையில், மூன்றாவது என் தலையில். அப்புறம் டப்பாவைத் திறந்து தர்ப்பையை எடுத்துப் போட்டுவிட்டுப் புளியோதரை சாப்பிட்டார். காலையிலிருந்து அதுதான் அவருக்கு முதல் வாய்.