வார்கிராஃப்ட் 3: எந்தப் படையின் கதை நிற்கிறது?

2002-இல் வந்த இந்தக் கணினி ஆட்டத்தில் நான்கு படைகளுக்கும் தனித்தனிக் கதை; அவற்றில் மனிதர் படையின் கதைதான் உச்சம். கொள்ளைநோய் பரவிய ஸ்ட்ராத்தோம் நகரக் கட்டத்தில், மால்கானிஸ் என்ற அரக்கன் 100 குடிகளைத் தன் பக்கம் கவர்வதற்குள் நாம் 100 பேரைக் கொல்ல வேண்டும். சொந்தக் குடிகளையே வெட்டும் இளவரசன் ஆர்தஸின் சரிவை நம் கையே செய்து முடிக்கிறது. எந்த வசனமும் இவ்வளவு உறைக்காது.

அடுத்த அன்டெட் (செத்தும் நடமாடுவோர்) பகுதியில் அவன் வெறும் ஏவலாள். ஓர்க் என்னும் பச்சைத்தோல் போர்வீரர்களின் பகுதியை, அரக்க ரத்தம் குடிக்கும் ஓர்க் தலைவன் க்ரோம் காப்பாற்றுகிறான். நைட் எல்ஃப் என்னும் காட்டுவாசி இனத்தின் பகுதி அவசரக் கோலம்: அந்த இனத்துக் கைதி இல்லிடன் சிறையிலிருந்து வந்த சூட்டிலேயே விரட்டப்படுகிறான், பாவம்.

நைட் எல்ஃப்களாக ஆடும் கடைசிக் கட்டம், அரக்கப் படைக்கு எதிரான 45 நிமிடத் தற்காப்பு. முதலில் மனிதர் தலைவி ஜெய்னாவின் முகாம், பிறகு ஓர்க் தலைவன் த்ராலின் முகாம் விழும். அவற்றுக்குப் படை அனுப்பித் தாங்கினால் நேரம் கிடைக்கும். கடலூர்க்காரர்கள் ஐப்பசி மழையில் ஆடினால் பத்து நிமிடத்துக்கொரு முறை சேவ் செய்யுங்கள். கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.