முதல் ரிவால்வர்: ரூகர் வக்கேரோவா, உபெர்ட்டி கேட்டில்மேனா?

கவ்பாய் ஆக்‌ஷன் என்ற, பழைய அமெரிக்க மேற்குப் பகுதிப் பாணித் துப்பாக்கிகளால் சுடும் போட்டிக்கு இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் (ஒவ்வொரு முறையும், தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடுபவை) தேவை என்பதால், அமெரிக்காவில் புதிதாக இதில் இறங்குவோர் பலர் ரூகர் நிறுவனத்தின் வக்கேரோ, உபெர்ட்டி நிறுவனத்தின் கேட்டில்மேன் ஆகிய இரண்டு மாடல்களுக்கும் இடையே தயங்குகின்றனர்.

விலை: இத்தாலியத் தயாரிப்பான உபெர்ட்டி பொதுவாக மலிவு, வக்கேரோ சற்றுக் கூடுதல்.

உழைப்பு: 1873ஆம் ஆண்டின் கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வரைப் பின்பற்றும் உபெர்ட்டியின் பட்டை ஸ்பிரிங்குகள் நாளடைவில் உடையக்கூடும், வக்கேரோவின் சுருள் ஸ்பிரிங்குகள் நீண்ட காலம் தாங்கும்.

கையாளல்: உபெர்ட்டியில் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்திய பிறகே தோட்டா நிரப்ப வேண்டும், வக்கேரோவில் பக்கக் கதவைத் திறந்தாலே தோட்டாக்கள் அமரும் உருளை சுழலும். வக்கேரோவில் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு இருந்தாலும், போட்டி விதிப்படி இரண்டிலும் ஐந்து தோட்டாக்களே. சுத்தியல் உருளையின் காலி அறைமீதே இருக்க வேண்டும்.

அடிக்கடி சுடப்போகிறவருக்கு வக்கேரோவையே பரிந்துரைப்பேன். பழமையின் அசல் தோற்றத்தை விரும்புபவருக்கு உபெர்ட்டி பொருந்தும். எதுவாயினும் .357 மேக்னம் என்ற தோட்டா அளவில் வாங்கினால், உதைப்பு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாக்களையும் அதிலேயே சுடலாம்.